புதன்கிழமைக் களி

ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்தால் சம்பங்கிக்கு வயிறு உப்பிக்கொள்ளும். அவனே சொல்லிக்கொள்ளும் வியாதி அது. ஓசூர் பாகலூர் ரோட்டில், பேட்டரிக் கடை மாடியில், மோகனப்ரியா துப்பறியும் நிலையத்தின் ஒரே உதவியாளனாகிய அவன், அன்றைக்கும் உப்பிய வயிறோடுதான் உட்கார்ந்திருந்தான். கரண்ட் வேறு இல்லை. 2008-ல் ஓசூரில் கரண்ட் இருந்தால்தான் அது செய்தி.

"மேடம், ஒரு பொண்ணு படியேறி வருது. அழுதுக்கினே வருது."

"ஆளைப் பார்க்காமலே எப்படித் தெரியும்?"

"ஒரு படி ஏறி நிக்குது. அப்பறம் ஒரு படி. கல்யாணப் பத்திரிகை குடுக்க வர்றவங்க தடதடன்னு வருவாங்க."

மோகனப்ரியா விசிறியைக் கீழே வைத்தாள். துப்பறிய வருவதற்கு முன்னால் அவள் ஒரு தொழிற்சாலையில் தரப்பரிசோதனை செய்தவள். கோணலான உதிரிபாகத்தைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துப் பழகிய கண். அந்தக் கண்ணுக்கு மனிதர்களையும் சும்மா விட்டுவிடத் தெரியவில்லை.

உள்ளே வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். பெயர் ரஞ்சிதா, சங்கரன்கோவில் பக்கம். சிப்காட்டில் கியர் செய்யும் கம்பெனியில் ஆபரேட்டர். உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டாள்.

"நான் திருடலக்கா. ஆனா நாளைக்குக் காலையில திருடுனேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு, வேலையையும் விட்டுட்டுப் போகணுமாம். இல்லைன்னா போலீசுக்குப் போவோம்னு சொல்லுதாக."

"எதைத் திருடினதா?"

"கொஸ்டின் பேப்பரை."

கம்பெனியில் லைன் லீடர் பதவிக்குப் பரீட்சை வைத்திருந்தார்கள். இங்கிலீஷும் உண்டு. எழுதியவர்களில் தேறியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே ஆளிடம் படித்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்தும் மாதவன் சாரின் மாணவர்கள். முதல் மார்க் ரஞ்சிதா. அது எப்படி என்று நிர்வாகம் புருவத்தை உயர்த்தியது. எச்.ஆர். அதிகாரி ஹரீஷ்குமார் அவளைக் கூப்பிட்டு, பேப்பரைத் தானே தயாரித்துத் தன் பீரோவில் பூட்டி வைத்திருந்ததாகவும், அதை அவள் எடுத்துவிட்டதாகச் சொன்னவர் இருக்கிறார் என்றும் சொல்லிவிட்டார். சொன்னது யார் என்று கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை.

"உன் பேரைச் சொன்னது யாருன்னு தெரியணும், அவ்வளவுதானே?"

"ஆமாக்கா. ஊர்ல எங்க தெருவுல கம்பெனி வேலைக்கு வந்த மொதப் பொண்ணு நான். திருடின்னு பேரோட எப்படிப் போய் எறங்குவேன்?"

சம்பங்கி தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். "பேப்பர்ல கஷ்டமா இன்னா கேட்டாங்க?"

"அப்பாசிட்டிவ், பார்ட்டிசிபிள் பிரேஸ்."

"மாத்திரை பேரு மாதிரி இருக்குதே."

அழுத முகத்திலும் அவளுக்குச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "நானும் அப்பிடித்தாம்ணே பயந்தேன். சார் ஐ.டி. கார்டை வச்சுச் சொல்லிக் குடுத்தாக. மாடசாமின்னு ஒருத்தர். அவர் யாருன்னு சொல்ல தனியா ஒரு வாக்கியம் எதுக்கு? பேருக்குப் பக்கத்துலயே கார்டை மாட்டிவிடு. 'மாடசாமி, எ மெஷின் ஆபரேட்டர், லைக்ஸ் டீ.' முன்னால ஒரு கமா, பின்னால ஒரு கமா, ரெண்டும் கிளிப்பு. கார்டைக் கழட்டுனாலும் மாடசாமி டீ குடிப்பாரு. அதாம் அப்பாசிட்டிவ்."

"இன்னொண்ணு?"

"ஒரு வேலையைச் செஞ்சுக்கிட்டே இன்னொரு வேலை செய்யுறது. 'ஹோல்டிங் எ ஸ்பேனர், மாடசாமி கேம் இன்.' ஸ்பேனரைப் பிடிச்சுக்கிட்டே மாடசாமி வந்தாரு. ஆனா ஸ்பேனரைப் பிடிச்ச ஆளை அடுத்தாப்புலயே நிறுத்தணும். மறந்துபோய் 'ஹோல்டிங் எ ஸ்பேனர், த பஸ் கேம்'னு எழுதிட்டா, பஸ்ஸு ஸ்பேனரைப் பிடிச்சுக்கிட்டு வந்ததா ஆயிரும்."

"எங்க பாகலூர் டவுன் பஸ் அப்படித்தான் வரும்," என்றான் சம்பங்கி.

மோகனப்ரியா சிரிக்கவில்லை. அவள் கண்ணில் ஏதோ பட்டிருந்தது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த ஒரு பெண், பயமில்லாமல், கையை ஆட்டி ஆட்டி இங்கிலீஷ் இலக்கணம் சொல்கிறாள். இவளுக்குப் பேப்பரைத் திருட வேண்டிய தேவையே இல்லை.

"பரீட்சையில எங்கயாவது தடுமாறினியா?"

"எழுதுறதுக்கு இல்ல. ஒரு கேள்வியைப் பாத்துச் சிரிச்சிட்டேன். 'தொழிலாளர்கள் புதன்கிழமை கேன்டீன் வரிசையில் நின்றார்கள். அவர்கள் ராகிக் களிக்குக் காத்திருந்தார்கள்.' ரெண்டையும் சேக்கணும். எங்க கேன்டீன்ல வியாழக்கிழமைலா களி! பிரிண்ட்டுல தப்பு வந்திட்டுன்னு நெனச்சேன்."

மோகனப்ரியா எழுந்து செருப்பை மாட்டினாள்.

"சம்பங்கி, வேனை எடு. ரஞ்சிதா, நீயும் வா. களி கிண்டுற ஆளைப் பார்க்கணும்."

"ஞாயித்துக்கிழமையா?"

"வேலை நடந்தா உன் வயிறு தானா சரியாயிடும்."

கேன்டீனில் சமைக்கும் வெள்ளையம்மா பாகலூரில் சம்பங்கிக்கு அத்தை முறை. அந்த ஊரில் பாதிப்பேர் அவனுக்கு அத்தை முறைதான். வாசலில் அவரைக்காயைக் குவித்து ஆய்ந்துகொண்டிருந்தாள். சம்பங்கி தெலுங்கில் ஒரு குசலம், கன்னடத்தில் ஒரு கேலி என்று போட்டுவிட்டு, தமிழில் விஷயத்துக்கு வந்தான்.

"அத்தை, உங்க கேன்டீன்ல என்னிக்குக் களி?"

"வியாழக்கிழமைடா. நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்தே வியாழக்கிழமைதான்."

"புதன்கிழமைன்னு யாராவது சொல்லுவாங்களாம்மா?" என்று கேட்டாள் மோகனப்ரியா.

வெள்ளையம்மா காயைக் கீழே போட்டுச் சிரித்தாள். "சி ஷிப்ட் பசங்க சொல்லுவாங்கோ. புதன்கிழமை ராத்திரி கார்டு அடிச்சிட்டு உள்ளாற வர்றாங்கோ. அவங்க சாப்பாட்டுக்கு உக்கார்றப்போ நாள் மாறிப்போவுது. நமக்கு வியாழன். அவங்களுக்கு காலையில வெளிய போற வரைக்கும் புதன்தான். சுடச்சுட முதல் களி அவங்களுக்குத்தான் கெடைக்கும். அதனால புதன்கிழமைக் களின்னே பேரு வெச்சிட்டாங்கோ."

"எச்.ஆர். சார் கேன்டீன்ல சாப்பிடுவாரா?"

"ஹரீஷ்குமாரா? மத்த நாளெல்லாம் ஊட்டு டிபன். வியாழக்கிழமை மட்டும் பெல்லு அடிக்கறதுக்கு முன்னாடியே வந்து தட்டோட நிப்பாரு. உத்தனப்பள்ளி ஆளு. களின்னா உசுரு. நான் போட்டது பத்தாதுன்னு சண்டை கூட போட்டிருக்காரு."

மோகனப்ரியாவுக்கு அதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லை. அவரைக்காயில் ஒரு பிடி மடியில் கட்டிக்கொடுத்த பிறகுதான் வெள்ளையம்மா அவர்களை விட்டாள்.

வேன் ஓசூரை நோக்கித் திரும்பியது. பின் சீட்டில் ரஞ்சிதா முன்னால் குனிந்து கேட்டாள். "களிக்கும் எம் பேருக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"வாரா வாரம் வியாழக்கிழமை தட்டோட முதல்ல நிக்கிற மனுஷன், களி புதன்கிழமைன்னு எழுதுவாரா? அந்தப் பேப்பரை ஹரீஷ்குமார் எழுதல. தானே தயாரிச்சேன்னு அவர் சொன்னது பொய்."

"அப்ப யாரு எழுதுனா?"

"சி ஷிப்ட் பேச்சு தெரிஞ்ச ஆள்."

"பொம்பளைகளுக்கு சி ஷிப்ட் கெடையாதே. எங்க கிளாஸ்ல மாடசாமி அண்ணன் மட்டுந்தான் சி ஷிப்ட். அவரும் எங்ககூட பரீட்சை எழுதுனாரு."

"ஸ்பேனர்காரரா?" என்றான் சம்பங்கி. "ஆளைப் பிடிச்சிடலாமா மேடம்?"

"பிடிச்சு என்ன பண்ண? அவரே உட்கார்ந்து அந்தப் பரீட்சையை எழுதியிருக்கார். கேள்வி தயாரிச்சவன் அதையே உட்கார்ந்து எழுதுவானா? மாடசாமி சொன்னதைக் கேட்ட யாரோதான் எழுதியிருக்கணும். ரஞ்சிதா, அவர் களியைப் பத்தி இங்கிலீஷ்ல எங்கயாவது பேசியிருக்காரா?"

"கிளாஸ்லதான். வாரத்துக்கு ஒருத்தர் எந்திரிச்சு, அந்த வாரம் என்ன நடந்துச்சுன்னு பேசணும். அவரு களியைப் பத்தித்தான் பேசுனாரு. எல்லாரும் சிரிச்சோம்."

"கேட்டவங்கள்ல கம்பெனி ஆளுங்க அத்தனை பேருக்கும் அது வியாழக்கிழமைன்னு தெரியும். அவர் புதன்னு சொன்னதை மனசுக்குள்ளயே திருத்திக்கிட்டிருப்பீங்க. திருத்தத் தெரியாம, கேட்டதை அப்படியே எடுத்துக்கிட்ட ஆள் ஒருத்தர்தான் அந்த ரூம்ல இருந்திருக்கார்."



"வண்டியை நிப்பாட்டுங்கண்ணே," என்றாள் ரஞ்சிதா. குரல் மாறியிருந்தது. "சாரைச் சொல்லாதீங்கக்கா. குட் மார்னிங் சொல்லவே நாக்கு ஒட்டிக்கிடும் எனக்கு. அவுகதான் இத்தனை தூரம் கொண்டுவந்தாக. புதுசா வாரவங்களுக்கு என்னையவே பாடம் எடுக்கச் சொல்லுவாக. எச்.ஆர். கூப்பிட்ட அன்னிக்கு அவுககிட்டதான் ஓடிப்போய் அழுதேன். தைரியமா இரும்மான்னு சொன்னாக."

"சரி. வேற யாரையாவது காட்டு. வண்டியை அங்க விடச் சொல்றேன்."

காட்ட யாரும் இல்லை. ரஞ்சிதா கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சம்பங்கி வண்டியை மாதவன் சாரின் வகுப்புக்கு ஓட்டினான்.

மாதவன் சாரின் வகுப்பு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் நடந்தது. மாலை வகுப்புக்கு இன்னும் யாரும் வரவில்லை. சார் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்காரர், சேலத்துக்காரர், சட்டையில் எப்போதும் இஸ்திரி மடிப்பு. ரஞ்சிதாவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது மோகனப்ரியாவுக்கே ஒரு நொடி சந்தேகம் வந்தது.

"வாம்மா. இவங்கல்லாம் யாரு?"

"எனக்கு உதவி செய்ய வந்திருக்காக சார்."

"நல்லது, நல்லது. உட்காருங்க."

மோகனப்ரியா உட்காரவில்லை. சுவரில் இருந்த மாணவர்களின் போட்டோக்களைப் பார்த்தபடி சாதாரணமாகக் கேட்டாள். "கம்பெனியைப் பத்தியெல்லாம் பசங்க வந்து சொல்லுவாங்க போல சார்?"

"சொல்லாம? நான் அந்த கேட்டைத் தாண்டினதே இல்லைங்க. ஆனா கம்பெனியே எனக்கு அத்துப்படி."

"கேன்டீன்ல என்னிக்குக் களி?"

"புதன்கிழமை," என்றார் மாதவன், பரீட்சையில் பதில் சொல்லும் பையனைப்போல.

வாசலில் நின்ற ரஞ்சிதாவின் கை கதவைப் பிடித்துக்கொண்டது.

மோகனப்ரியா வியாழக்கிழமைக் கதையைச் சொன்னாள். மெதுவாக, ஒன்றையும் விடாமல். மாதவன் கடைசிவரை கேட்டுவிட்டுச் சிரிக்க முயன்றார். "இதெல்லாம் ஒரு ஆதாரமாங்க? மாடசாமி வேற யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டானா?"

சம்பங்கி செல்போனை எடுத்துக் காதில் வைத்தான். "ஹலோ, ஹரீஷ்குமார் சாரா?" என்று ஆரம்பித்து, பிறகு கன்னடத்தில் சரளமாக இறங்கினான். சேலத்துக்காரருக்கு நடுவில் இரண்டு சொற்கள் மட்டும் பிடிபட்டன. ஒன்று 'மாதவன் மேஷ்ட்ரு'. மற்றது 'கொஸ்டின் பேப்பர்'. சம்பங்கி மூன்று தடவை "ஹௌதா சார்?" என்று ஆச்சரியப்பட்டுவிட்டு, போனை மாதவன் பக்கம் நீட்டினான்.

"எல்லாத்தையும் சொல்லிட்டாரு சார். உங்ககிட்ட பேசணுமாம்."

மாதவன் போனைத் தொடவில்லை. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"ஆமாங்க. நான்தான் எழுதினேன். அவருக்கு இங்கிலீஷ்ல கேள்வி தயாரிக்க வரலை. நிர்வாகத்துக்குத் தெரியாம எழுதிக்குடுங்கன்னார். வருஷா வருஷம் கம்பெனிக்குள்ளயே வகுப்பு எடுக்க ஏற்பாடு பண்றேன்னார். ஒத்துக்கிட்டேன்."

"அதை முன்கூட்டியே உங்க பசங்களுக்குக் காட்டினீங்களா?"

"சத்தியமா இல்லை! ஒரு கேள்வியைக்கூடச் சொல்லலை. நான் சொல்லிக்குடுத்த மாதிரியே கேட்டிருந்தேன். என் பிள்ளைங்க நல்லா எழுதிட்டாங்க. நடந்தது அவ்வளவுதான். எந்தப் பேப்பரும் திருட்டுப் போகலை."

சம்பங்கி போனைப் பையில் போட்டான். அதில் நேற்றிலிருந்தே பேலன்ஸ் கிடையாது. அதைச் சொல்லிச் சிரிக்க அவனுக்கு அப்போது மனம் வரவில்லை.

ரஞ்சிதா இரண்டடி உள்ளே வந்தாள்.

"அப்ப நான் எதை சார் திருடுனேன்?"



"இல்லாத திருட்டுக்கு ஒரு திருடி எங்கிருந்து வந்தாள்னு இப்ப தெரியுது," என்றாள் மோகனப்ரியா. அவளுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். "இத்தனை பேர் எப்படித் தேறினாங்கன்னு நிர்வாகம் ஹரீஷ்குமாரைக் கேட்டிருக்கு. உண்மையைச் சொன்னா அவர் வேலை போகும், உங்க வகுப்பு போகும். ஒரு பேர் குடுங்கன்னு அவர் உங்களைக் கேட்டார். நீங்க குடுத்தீங்க. செஞ்ச வேலையைச் செஞ்ச ஆள் பக்கத்துல நிறுத்தணும்னு பசங்களுக்குச் சொல்லிக்குடுத்தவர், யார் பக்கத்துல கொண்டுபோய் நிறுத்தினீங்க பார்த்தீங்களா?"

"வேலையை மட்டும் விடச் சொல்லுவாங்கன்னு நினைச்சேன். போலீஸ்னு மிரட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. அவளுக்கு வேற கம்பெனியில நானே..."

"எம் பேரை எதுக்கு சார் சொன்னீக?" ரஞ்சிதா இடையில் வெட்டினாள். "இத்தனை பேர் இருக்கோம். கூட்டத்துல எம் பேருதான் ஞாபகம் வந்துச்சா?"

மாதவன் கரும்பலகையைப் பார்த்தார். துடைத்த பலகையில் பார்க்க ஒன்றும் இல்லை.

"மத்தவங்க யாரு பேரைச் சொன்னாலும் கூட்டமா வந்து சண்டை போடுவாங்கம்மா. நீ ஒருத்திதான்... என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டே. நான்தான்னு உனக்குத் தெரிஞ்சாக்கூட வெளிய சொல்லமாட்டே."

மோகனப்ரியா எத்தனையோ அயோக்கியர்களைப் பார்த்திருக்கிறாள். இவர் வேறு ரகம். அந்தப் பெண்ணின் மரியாதையை அளந்து பார்த்து, அது எவ்வளவு எடை தாங்கும் என்று கணக்குப்போட்டு, அதன்மேல் தன் பாரத்தை ஏற்றி வைத்திருக்கிறார் மனிதர்.

கீழே சைக்கிள்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மாதவன் பதறி எழுந்தார். "பசங்க வர்றாங்க. இப்போ வேண்டாம்மா. இந்த வகுப்பு போச்சுன்னா அவங்களுக்கும் கஷ்டம். நாளைக்குக் காலையில நானே ஹரீஷ்குமார்கிட்ட தனியாப் பேசி, எப்படியாவது..."

முதலில் ஏறி வந்தவர் மாடசாமி. பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோரும் வழக்கம்போல "குட் ஈவினிங் சார்" என்றார்கள். 

"என்ன தங்கச்சி, கண்ணெல்லாம் செவந்திருக்கு?" என்றார் மாடசாமி.

ரஞ்சிதா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மாதவன் அவளைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்று. அவள் அதைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

"எல்லாரும் உக்காருங்கண்ணே. இந்த வாரம் நான் பேசுதேன். தமிழ்லயே பேசுதேன்."

பேசினாள். நடுவில் ஒருமுறை நின்றாள், ஆனால் ஒன்றையும் விடவில்லை. பேப்பரை யார் எழுதியது, யார் எழுதச் சொன்னது, யார் பேரை யார் கொடுத்தது, கடைசியில் அதற்குச் சொன்ன காரணம் வரை. பேசி முடித்தபோது, பெஞ்சில் இருந்தவர்கள் அவளைப் பார்க்கவில்லை. சாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தன் இஸ்திரி மடிப்பை நீவி விட்டுக்கொண்டே நின்றார்.

மாடசாமிதான் முதலில் எழுந்தார். "நாளைக்குக் காலையில நாங்க அத்தனை பேரும் உன்கூட மேனேஜர் ரூமுக்கு வாரோம் தங்கச்சி. இவரும் வருவாரு. ஷிப்ட் முடிஞ்சு நேரா இங்க வந்து நானே கூட்டிட்டு வாரேன்." பிறகு சாரைப் பார்த்துச் சொன்னார். "எங்க யாரு பேரைச் சொல்லியிருந்தாலும் சண்டை போட்டிருப்போம்னு தெரிஞ்சிருக்குல்ல சார். அவளுக்காகவும் போடுவோம்னு ஏன் தோணல?"



படியில் இறங்கும்போது மோகனப்ரியா ரஞ்சிதாவின் தோளில் கை வைத்தாள். "இத்தனை சாட்சி வச்சுக்கிட்டு ஹரீஷ்குமாரால ஒண்ணும் பண்ண முடியாது. உன் வேலை போகாது."

"தெரியும்க்கா."

"பின்ன ஏன் அழறே?"

ரஞ்சிதா நடுப்படியில் நின்றுவிட்டாள். மேலே வகுப்பறையில் யாரோ உரக்கக் கத்தினார்கள், பெஞ்சு ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை ராத்திரி எங்கம்மை போன் பண்ணும்க்கா. கோயிலுக்குப் போனேன், உனக்கும் கும்பிட்டேன், உங்க சாருக்கும் கும்பிட்டேன்னு சொல்லும். வாரம் தவறாமச் சொல்லும். இன்னிக்கு நான் என்னன்னு பதில் சொல்ல?"